கரும்புக்கு விலை உண்டு, கிழங்குக்கு?

2019 நவம்பர் 4 அன்று பாங்காக்கில் பிரதமர் மோடி, ஆர்செப் வர்த்தகக் கூட்டில் இந்தியா சேராது என்று அறிவித்தார். சீனா, ஜப்பான், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஆசியான் நாடுகள் எல்லாம் சேர்ந்த பெரிய கூட்டு அது. பல ஆண்டுகள் பேசிவிட்டுக் கடைசி நேரத்தில் இந்தியா விலகிக்கொண்டது. அதே மாதம் 26-ஆம் தேதி விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு நாடு வர்த்தகக் கூட்டிலிருந்து விலகும்போது யாருக்கு நிழல் கிடைக்கிறது, யார் வெயிலிலேயே நிற்கிறார்கள் என்று பார்க்க இந்த மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

இந்த மாவட்டத்தின் வடக்கனந்தல் கல்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. பக்கத்தில் கோமுகி அணை, கச்சிராயபாளையத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. அணைத் தண்ணீர் பாயும் பக்கமெல்லாம் கரும்பும் நெல்லும். அங்கிருந்து பஸ் மலையேறி வெள்ளிமலைக்குப் போனால் மரவள்ளி, சாமை, கடுக்காய், புளி என்று வேறொரு பொருளாதாரம் தொடங்குகிறது.

ஆர்செப் எதிர்ப்பில் உரக்கக் கேட்டது பால்காரர்களின் குரல். நியூசிலாந்து பால்பவுடர் வரியில்லாமல் வந்திறங்கினால் இங்கே சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறவருக்குக் கொள்முதல் விலை தாங்காது என்பது அவர்கள் வாதம். அமுல் முதல் விவசாயச் சங்கங்கள் வரை சொன்ன இந்த அச்சத்தில் நியாயம் இருந்தது. இரண்டு மாடு வைத்திருக்கும் அடிவாரக் குடும்பம் அன்று தப்பித்தது உண்மை.

கரும்புக்காரருக்கும் அரண் உண்டு. இறக்குமதிச் சர்க்கரைக்கு 2018 பிப்ரவரியிலிருந்து நூறு சதவீத வரி. கரும்புக்கு மத்திய அரசு ஆண்டுதோறும் விலை அறிவிக்கிறது. 2024-25 பருவத்துக்கு 10.25 சதவீதப் பிழிதிறனுக்குக் குவிண்டால் 340 ரூபாய். ஆலை பாக்கி வைக்கலாம், வெட்டு ஆர்டர் தாமதமாகலாம், கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார வேண்டியும் வரலாம். ஆனாலும் ‘இதுதான் விலை’ என்று காட்ட அவர் கையில் ஓர் எண் இருக்கிறது.

மலையில் மரவள்ளி போடுகிறவருக்கு அந்த எண் இல்லை. மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் மரவள்ளிக்கு இடமே கிடையாது. கிழங்கில் எத்தனை ‘பாயிண்ட்’ மாவுச்சத்து இருக்கிறது என்று ஜவ்வரிசி ஆலையில் பார்த்து, பாயிண்டுக்கு இவ்வளவு என்று போடுவதுதான் விலை. பத்து மாதம் மண்ணில் கிடந்த கிழங்கு, பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் கெடத் தொடங்கிவிடும். விலை படியவில்லை என்று திருப்பி எடுத்துக்கொண்டு மலையேற யாருக்கு முடியும்? லாரி வாடகை கூட எழாது. வியாபாரி சொல்வதுதான் பாயிண்ட்.

இந்தக் கிழங்குத் தொழிலே ஒரு வர்த்தகத் துண்டிப்பில் பிறந்ததுதான். இரண்டாம் உலகப் போரில் மலேயா, சிங்கப்பூர்ப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசியும் மாவும் நின்றுபோயின. 1943 வாக்கில் சேலம் வணிகர் மாணிக்கம் செட்டியாரும் பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவும் சேலத்திலேயே ஜவ்வரிசி தயாரிக்கத் தொடங்கினார்கள். இன்று மகாராஷ்டிரத்தில் நவராத்திரி விரதத்துக்கு வேகும் ஜவ்வரிசியில் பெரும்பகுதி சேலம் வட்டாரச் சரக்கு. கதவு அடைபட்டதால் ஒரு வட்டாரமே எழுந்தது என்று பெருமையாகச் சொல்லலாம். ஆலைக்காரர்கள் விலையில் ஏமாறாமல் இருக்க 1981-லேயே சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கமும் வந்தது. ஆனால் எழுந்த வட்டாரத்துக்குள் ஆலை, கிடங்கு, கமிஷன் எல்லாம் சமவெளியில் தங்கின. மலைக்கு மிஞ்சியது கிழங்கும் கூலியும்.

இதற்குப் பழைய காரணமும் உண்டு. கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. நாடு சுதந்திரம் அடைந்து கிட்டத்தட்ட முப்பது ஆண்டு கழித்துத்தான் அரசு நிர்வாகம் அங்கே முழுமையாக ஏறியது. சமவெளி ஒரு தலைமுறை முன்னால் ஓடத் தொடங்கிவிட்ட பந்தயம் இது. மலையில் பட்டா இல்லாத நிலத்தை வைத்துப் பயிர்க்கடன் வாங்க முடியாது. கடன் இல்லையென்றால் முன்பணம் கொடுக்கும் வியாபாரியிடம்தான் கிழங்கு போக வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகுதான், மலைவாழ் மக்களின் நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது.

வேலை தேடி இந்த மலையிலிருந்து இறங்குகிற மலையாளிப் பழங்குடி இளைஞர்கள் கேரளத்துக்கும் கர்நாடகக் காப்பித் தோட்டங்களுக்கும் போகிறார்கள். தமிழக மலைக்கிராமங்களிலிருந்து சிலரைச் செம்மரம் வெட்ட ஆந்திரக் காட்டுக்கும் தரகர்கள் கூட்டிப்போனார்கள். 2015 ஏப்ரலில் சேஷாசலத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட இருபது பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள். சீனச் சந்தைக்குக் கள்ளத்தனமாகப் போகும் மரம் அது. உலக வர்த்தகம் எந்த ஒப்பந்தமும் இல்லாமல் மலையைத் தொட்டது இந்த வழியில்தான்.

வர்த்தகக் கூட்டிலிருந்து விலகிய பிரிட்டனிலும் இதே கணக்குதான். 2016-ல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகச் சொல்லி வாக்களித்த பகுதிகளில் கார்ன்வால் ஒன்று. அது ஒன்றியத்தின் வட்டார வளர்ச்சி நிதியால் பலனடைந்த ஏழைப் பகுதி. விலகிய பின் எல்லைச் சோதனை, காகித வேலை எல்லாம் கூடி உணவு விலை ஏறியது. 2021 முடிய இரண்டு ஆண்டுகளில் சராசரிக் குடும்பத்துக்கு 210 பவுண்டு கூடுதல் செலவு என்று லண்டன் பொருளாதாரப் பள்ளி ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். சம்பளத்தில் பெரும்பகுதியைச் சாப்பாட்டுக்கே கொடுப்பவரைத்தான் அது கடித்தது.

இப்போது நம் பக்கம் கதவு மறுபடி திறக்கிறது. 2025 ஜூலை 24 அன்று அதே பிரிட்டனுடன் இந்தியா தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. துணிக்கும் காலணிக்கும் அங்கே வரி நீங்குகிறது. உளுந்தூர்பேட்டை சிப்காட்டில் 2,302 கோடி ரூபாயில் காலணி ஆலை அமைத்து 20,000 பேருக்கு வேலை தருவதாகத் தைவானின் பௌ சென் குழுமம் 2023-ல் ஒப்பந்தம் போட்டது. மாவட்டத்துக்கு நல்ல செய்திதான். உளுந்தூர்பேட்டை சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கிறது. வெள்ளிமலை மாவட்டத்தின் மறுகோடியில். மலைப் பெண்களுக்கு அந்த ஆலையில் வேலை கிடைக்க வேண்டுமானால் விடுதியும் பஸ்ஸும் முதலில் வேண்டும்.

ஒப்பந்தத்தில் சேருவதும் விலகுவதும் டெல்லியின் வேலை. பாயிண்ட் பார்க்கும் கருவியோடு ஓர் அரசு எடைமேடையை வெள்ளிமலையில் வைப்பது கள்ளக்குறிச்சி மாவட்ட நிர்வாகத்தால் ஆகக்கூடியது. அடுத்த கிழங்கு வெட்டுக்கு முன் அதைச் செய்யட்டும்.