விமானம் ஏன் இழுக்கவில்லை?

மே மாதப் பிற்பகலில் உத்திரமேரூர் ஏரிக்கரையில் வெயில் 40 பாகையைத் தொடும். ஊர் கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டர்கூட உயரமில்லை. ஆனால் அந்த வேளையில் அங்கே ஒரு சிறிய விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்தினால், அதன் என்ஜினைப் பொறுத்தவரை அது ஆயிரம் மீட்டர் உயரத்தில் நிற்கிறது. விமானிகள் கணக்குக்கு வைத்துக்கொள்ளும் தரநிலைக் காற்று கடல்மட்டத்தில் 15 பாகை. அது 40 பாகைக்குச் சூடானால் ஒவ்வொரு கன மீட்டரிலும் உள்ள காற்று சுமார் எட்டு சதவீதம் குறைந்துவிடும். அந்தத் தரநிலைக் கணக்கில், ஏலகிரி உயரத்துக் காற்று கிட்டத்தட்ட இந்த அடர்த்தியில்தான் இருக்கும். ஈரப்பதம் சேர்ந்தால் இன்னும் மோசம். நீராவி மூலக்கூறின் எடை 18, காற்றின் சராசரி 29. நமக்குக் கனமாகத் தோன்றும் புழுக்கக் காற்று உண்மையில் இலேசானது.

அடி மூன்று இடத்தில் விழுகிறது. சிலிண்டர் ஒவ்வொரு முறையும் ஒரே கொள்ளளவுக் காற்றைத்தான் உறிஞ்சும், அதில் ஆக்ஸிஜன் குறைவு. சுழல்விசிறி பின்னால் தள்ளக் காற்று குறைவு. இறக்கையைத் தூக்கவும் குறைவு. மாணவ விமானி இறங்கி வந்து "சார், இழுக்கவே இல்லை" என்றால், அனுபவமுள்ள பராமரிப்புப் பொறியாளர் ஸ்பேனரை எடுக்கமாட்டார். எத்தனை மணிக்குப் போனாய், எவ்வளவு பெட்ரோல் இருந்தது, பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தது என்றுதான் கேட்பார். புகாரில் ஒரு பகுதி அங்கேயே கரைந்துவிடும்.

உத்திரமேரூரில் விமான நிலையம் கிடையாது. பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டைப் பார்க்கத்தான் வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். ஆனால் நேர்கோட்டில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வடகிழக்கில் தாம்பரம் விமானப்படைத் தளம். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களுக்கே கற்றுக்கொடுக்கும் பள்ளி 1954 முதல் அங்கே இருக்கிறது. அதற்கும் முன்பு, 1910-இல், மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி ஆஞ்சலிஸ் தன் விமானத்தைச் சிம்சன் கம்பெனியில் செய்வித்து, பல்லாவரத்தில் சோதித்துப் பார்த்தார். பல்லாவரமும் உத்திரமேரூரும் அன்று ஒரே செங்கல்பட்டு மாவட்டம். இந்த மண்ணின் காற்றில் சிறு என்ஜின்கள் திணறத் தொடங்கி நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது.

அந்தத் திணறலைப் புரிந்துகொள்ள நல்ல எடுத்துக்காட்டு புஷ்பக். பெங்களூர் எச்.ஏ.எல். உருவாக்கி 1958-இல் முதன்முதலில் பறந்த இரட்டை இருக்கை விமானம். துணி போர்த்திய இறக்கை, 90 குதிரைத்திறன் காண்டினென்டல் என்ஜின், கோணம் மாறாத இரண்டு அலகுச் சுழல்விசிறி. நாடு முழுவதும் ஃப்ளையிங் கிளப்புகளில் ஒரு தலைமுறை இதில்தான் பறக்கக் கற்றது. 90 குதிரைத்திறனில் எட்டு சதவீதம் போனாலே விமானியின் முதுகு அதை உணரும்.

வெயிலின் மேல் பழிபோட்டும் கணக்கு தீரவில்லை என்றால் அடுத்து யாரைச் சந்தேகிப்பது? என்ஜினை அல்ல, என்ஜினைப் பற்றிச் செய்தி சொல்லும் கருவியை. பழைய விமானங்களின் டாக்கோமீட்டர் பெரும்பாலும் கேபிளால் சுழலும் ஒரு காந்தமும், அது இழுக்கும் ஓர் உலோகக் கிண்ணமும்தான். வயதாக ஆகக் காந்தம் வலுவிழக்கும், முள் குறைத்துக் காட்டும். கோணம் மாறாத சுழல்விசிறி உறிஞ்சும் திறன் அதன் சுழற்சி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. ஆகவே நிமிடத்துக்கு 2400 சுற்று ஓடவேண்டியது 2300 ஓடினால், போனது நான்கு சதவீதம் அல்ல, திறனில் சுமார் பன்னிரண்டு சதவீதம். முள் நூறு சுற்று பொய் சொன்னால், நல்ல என்ஜினைப் பிரித்துப்போட அதுவே போதும். காசும் போய், பிரித்த இடத்தில் புதுக் கோளாறும் வந்து சேரும்.

முள் பொய் சொல்கிறதா என்று பார்க்க இன்று ஒளியால் அளக்கும் கையடக்கக் கருவி உண்டு. ஆனால் நம் மின்சாரத்தை வைத்தே செய்யக்கூடிய பழைய சோதனை ஒன்று எனக்குப் பிடிக்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக்கு வைத்த பழைய டியூப் லைட் அதனால் நொடிக்கு நூறு முறை சிமிட்டும். சுழல்விசிறி நிமிடத்துக்குச் சரியாக 1500 சுற்று, அதாவது நொடிக்கு 25 சுற்று ஓடினால், ஒரு சிமிட்டலுக்கும் அடுத்ததற்கும் இடையே கால் சுற்று திரும்பியிருக்கும். இரண்டு அலகு விசிறி, அசையாமல் நிற்கும் நான்கு அலகு விசிறியாகக் கண்ணுக்குத் தெரியும். இருட்டும் நேரத்தில், சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, விசிறியின் சுழல்தளத்துக்கு நேராக யாரும் நிற்காமல், விலகி நின்று பார்க்கவேண்டும். அந்தச் சிலுவை உறைந்து நிற்கும் நொடியில் முள் 1420 காட்டினால், குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது. எல்.இ.டி. விளக்குகள் வந்த பிறகு இந்த வித்தை பல இடங்களில் பலிப்பதில்லை, அவற்றில் பல அப்படிச் சிமிட்டுவதில்லை.

முள் உண்மையே சொல்கிறது என்றால், விமானத்தைக் கட்டி நிறுத்தி முழு வேகம் கொடுத்துப் பார்ப்பார்கள். நின்ற நிலையில் எத்தனை சுற்று வரவேண்டும் என்று கையேட்டில் ஒரு வரம்பு இருக்கும். அதற்குக் கீழே இருந்தால் ஒன்று என்ஜின் சோர்ந்திருக்கிறது, அல்லது விசிறியின் கோணம் தேவைக்கு மேல் செங்குத்தாக இருக்கிறது. சுற்று வரம்பைத் தாண்டியும் வானில் வேகம் வரவில்லை என்றால் கோணம் தட்டையாக இருக்கலாம். திராட்டில் கம்பி கடைசிவரை இழுபடுகிறதா, காற்று வடிகட்டியில் களத்துமேட்டுத் தூசி அடைத்திருக்கிறதா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுவது நல்லது. அற்பமாகத் தெரியும், ஆனால் அடிக்கடி அகப்படுவது இவைதான்.

இனி தீப்பொறி. விமான என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக், அவற்றுக்குத் தனித்தனியாக இரண்டு மேக்னெட்டோ. பேட்டரி செத்தாலும் மேக்னெட்டோ தானே மின்சாரம் உண்டாக்கிக்கொள்ளும். பறக்கும் முன் ஒன்றை அணைத்து இன்னொன்றில் ஓட்டிப் பார்ப்பார்கள். சுற்று எழுபத்தைந்திலிருந்து நூற்று இருபத்தைந்துக்குள் குறைவது இயல்பு. என்ஜின் உதறலோடு அதிகம் குறைந்தால் பிளக் அழுக்கு. உதறாமல் மெதுவாக அதிகம் குறைந்தால் பொறி விழும் நேரம் தவறியிருக்கலாம். கொஞ்சம்கூடக் குறையவில்லை என்றால் மாணவன் மகிழ்வான், பொறியாளர் கவலைப்படுவார். அணைத்த மேக்னெட்டோ அணையவே இல்லை, அதன் தரைக் கம்பி அறுந்திருக்கிறது என்று பொருள். அந்த விமானம் சாவியை எடுத்த பிறகும், யாராவது விசிறியைக் கையால் தொட்டுத் திருப்பினால் கிளம்பிவிடும்.

பிளக் அழுக்காவதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. புஷ்பக்கின் என்ஜின் 80 ஆக்டேன் பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்டது. இன்று கிடைப்பது ஏவ்காஸ் 100 எல்.எல். அந்த எல்.எல். என்பது 'ஈயம் குறைவு' என்று சொல்கிறது. யாரோடு ஒப்பிட்டுக் குறைவு? பழைய 100 ஆக்டேனோடு. பழைய 80 ஆக்டேனுக்கு அனுமதிக்கப்பட்டதைவிட இதில் நான்கு மடங்கு ஈயம் இருக்கலாம். அந்த ஈயம் சின்னச் சின்ன மணிகளாகப் பிளக்கின் அடியில் படியும். இந்த எரிபொருளை நெடுங்காலம் இறக்குமதிதான் செய்துவந்தோம். இந்தியன் ஆயில் 2022-இல்தான் குஜராத் சுத்திகரிப்பு ஆலையில் தயாரிக்கத் தொடங்கியது.

சிலிண்டரின் நலத்தை அறியும் சோதனையில் எனக்கு எப்போதும் வியப்பு, ஏனென்றால் அதில் காதுக்குத்தான் முதல் வேலை. சூடாக இருக்கும் என்ஜினில், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது, பிளக் துளை வழியாகச் சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றைச் செலுத்துவார்கள். உள்ளே எவ்வளவு நிற்கிறது என்று இரண்டாவது மானி சொல்லும். எழுபதுக்கு மேல் இருந்தால் நிம்மதி. குறைந்தால் காற்று எங்கோ தப்பிக்கிறது. புகைக்குழாயில் காது வைத்து 'உஸ்' என்று கேட்டால் புகை வால்வு. கார்புரேட்டர் பக்கம் கேட்டால் உள்வால்வு. எண்ணெய் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் வளையம். பிரிக்காமலே நோயின் முகவரி கிடைத்துவிடுகிறது.

சுழல்விசிறியைப் பற்றி ஒரு வார்த்தை. அதை விசிறி என்பதைவிட முன்னோக்கிச் சுழலும் இறக்கை என்பதே சரி. 1.8 மீட்டர் நீள விசிறி 2500 சுற்றில் ஓடும்போது அதன் நுனி நொடிக்குச் சுமார் 235 மீட்டர் வேகத்தில் போகிறது, ஒலியின் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு. ஓடுதளத்துச் சரளைக்கல் ஒன்று முன்விளிம்பில் ஏற்படுத்தும் கீறல் அந்த வேகத்தில் காற்றோட்டத்தையும் கெடுக்கும், விரிசலுக்கும் விதை போடும். அரம் வைத்து அராவி அராவித் தேய்த்த பழைய விசிறி, வாங்கியபோது இருந்த விசிறி அல்ல. அதன் பதிவேட்டைப் பார்க்காமல் என்ஜினைக் குறைசொல்வது நியாயமில்லை.

கோணம் தானாக மாறும் விசிறியில் சிக்கல் வேறு வகை. அங்கே ஒரு கவர்னர் எண்ணெய் அழுத்தத்தால் அலகுகளைத் திருப்பி, சுற்றை ஒரே அளவில் வைத்திருக்கும். என்ஜின் சோர்ந்தால் கவர்னர் அலகைத் தட்டையாக்கிச் சுமையைக் குறைக்கும். முள் அசையாது. விமானம் மட்டும் மெல்ல வேகம் இழக்கும். புஷ்பக்கில் கண்ணுக்கு முன்னால் தெரியும் நோய் இங்கே மறைந்துகொள்கிறது.

இதுவரை சொன்னவை தரையிலேயே பிடிபடுபவை. என்னைக் கேட்டால் அபாயமானவை, தரை இறங்கியதும் காணாமல் போகிறவைதான்.

நவம்பர் காலை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த இடைவெளி, 24 பாகை, வயல் முழுக்க ஈரம். கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று வேகமெடுக்கும்போது குளிர்கிறது, அங்கேயே பெட்ரோல் ஆவியாகும்போது மேலும் குளிர்கிறது. இரண்டும் சேர்ந்து 20 பாகைக்கு மேல் இறக்கிவிடும். காற்றிலுள்ள ஈரம் உள்சுவரில் ஐஸாகப் படியும், கழுத்து அடைபடும், சுற்று மெல்லக் குறையும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஐஸா என்று சிரிக்கத் தோன்றும். உண்மையில் வறண்ட கடுங்குளிரைவிட ஈரமான மிதவெப்பம்தான் இதற்கு வாகானது. மருந்து, புகைக்குழாயைச் சுற்றி எடுத்த சூட்டுக் காற்றைக் கார்புரேட்டருக்குக் கொடுப்பது. கொடுத்ததும் சுற்று இன்னும் குறையும், உருகிய தண்ணீரை விழுங்கி என்ஜின் உதறும். பயந்துபோய் மூடிவிடுகிற மாணவர்கள் உண்டு. பொறுத்தால் பழைய அளவைத் தாண்டிச் சுற்று ஏறும். இறங்கிப் பத்து நிமிடத்தில் பானெட்டைத் திறந்தால் ஐஸும் இல்லை, தண்ணீரும் இல்லை. பதிவேட்டில் 'கோளாறு எதுவும் இல்லை' என்று எழுதி அடுத்த மாணவனுக்கு விமானத்தைக் கொடுத்துவிடுவார்கள்.

எரிபொருள் குழாயும் இப்படித்தான் ஏமாற்றும். தொட்டியின் மூச்சுத்துளையில் குளவி மண்கூடு கட்டினால், பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி ஓட்டம் நிற்கும். சூடான குழாயில் பெட்ரோல் கொதித்துக் குமிழ் அடைத்தாலும் பம்ப் வெறுமனே சுழலும். கோடையில் அம்பாசடர் ஓட்டுநர்கள் பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றியது இதற்காகத்தான். காரை ஓரம்கட்டிக் காத்திருக்கலாம்.

நடுவானில் என்ஜின் நின்றுபோவது இந்திய விமானப்படையின் தீபக் என்னும் எச்.பி.டி.-32 பயிற்சி விமானத்தைக் கடைசிவரை துரத்தியது. எச்.ஏ.எல். தயாரிப்பு, 1977-இல் முதல் பறப்பு, 260 குதிரைத்திறன் லைகமிங் என்ஜின், கோணம் மாறும் விசிறி. தாம்பரம் பள்ளியிலும் இது இருந்தது. சந்தேகம் எரிபொருள் அமைப்பின் மேலேயே திரும்பத் திரும்ப விழுந்தது. விபத்துகளில் 17 விமானங்களும் 19 விமானிகளின் உயிரும் போயின. 2009 ஜூலை 31 அன்று அன்றைய ஆந்திரத்தின் மேடக் மாவட்டத்தில் இரண்டு பயிற்சியாளர்கள் இறந்த பிறகு தீபக்குகள் தரையிறக்கப்பட்டன. முழு விமானத்தையும் தாங்கி இறக்கும் பாராசூட் பொருத்தலாமா என்றுகூட யோசித்தார்கள். அந்த யோசனை என்ஜினைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும்.

2013-இல் வந்த சுவிஸ் நாட்டு பிலாட்டஸ் பி.சி.-7, அதன் பின் எச்.ஏ.எல். உருவாக்கி 2016-இல் பறந்த எச்.டி.டி.-40 இரண்டும் டர்போபுராப் வகை. அவற்றில் மேக்னெட்டோ இல்லை, கார்புரேட்டர் இல்லை, ஈயம் கலந்த பெட்ரோலும் இல்லை. ஃப்ளையிங் கிளப்புகளில் இன்னமும் பறக்கும் பழைய பிஸ்டன் விமானங்களுக்கு அந்த வசதி கிடையாது. அங்கே விமானி இறங்கியதும் எழுதவேண்டியது 'இழுக்கவில்லை' என்ற ஒற்றைச் சொல்லை அல்ல. எந்த உயரம், வெளி வெப்பம் எவ்வளவு, மேகத்துக்கு எவ்வளவு அருகில், எந்தத் தொட்டி, முள் திடுமென விழுந்ததா மெல்ல இறங்கியதா, சூட்டுக் காற்று கொடுத்தபோது என்ன நடந்தது. இவ்வளவும் எழுதியிருந்தால், பானெட்டைத் திறக்கும் பொறியாளருக்கு எதைத் தேடுவது என்றாவது தெரியும்.