சரிவில் ஒரு படிக்கட்டு

சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப்பாதையில், தமிழ்நாட்டின் எல்லையை அடுத்துள்ள நிலையம் ஆரம்பாக்கம். அதன் கிழக்கே பழவேற்காட்டு ஏரி பரந்து கிடக்கின்றது. அந்நிலத்தில் மேலே உலர்ந்து தோன்றும் மண், காலை ஊன்றியதும் உள்வாங்கும். ஆதலின் சேற்றில் கழி நடுவோர் அதனை அழுத்துவதோடு நில்லாமல், இருபுறமும் திருப்பித் திருப்பி உள்ளே செலுத்துவர். இவ்வெளிய செயலின் உட்பொருளே பெரியதொரு பொறியியல் முறைக்கும் அடிப்படையாக உள்ளது.

நீர் தேங்கும் தாழ்நிலங்களில் தண்டவாளங்களை உயர்ந்த மண்கரையின்மேல் அமைப்பது வழக்கம். வெள்ளம் பாதையை அரியாதிருக்க அவ்வுயரம் வேண்டும். ஆயின், அக்கரையின்மேல் நாள்தோறும் ஏறி இறங்குவோர் உளர். கேங்மேன் என்று மக்கள் வழங்கும் பாதைப் பணியாளரே அவர். சம்மட்டியும் ஸ்பானரும் செங்கொடியும் சுமந்து, தண்டவாளத்தில் விரிசல் உண்டா, பிணைப்புகள் தளர்ந்துள்ளனவா என்று நோக்கியவாறே அவர் நடப்பர். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையில் மண்சரிவு பாசிபடிந்த படித்துறைபோல் வழுக்கும். சுமையோடு சறுக்கி வீழின் எலும்பு முறியும். வண்டி வரும் நேரமாயின் உயிருக்கே கேடு நேரும். பல்லாயிரவர் உயிரைக் காப்போர்க்கு ஏறுதற்கு நல்லதொரு படி வேண்டாவோ?

படி அமைக்கக் கரையை ஆழத் தோண்டுதல் நன்றன்று. சரிவின் மண் ஒன்றையொன்று தாங்கி நிற்பது. ஒரு பகுதியை அகற்றின் மேற்பகுதி தளரும். தோண்டிய குழியில் மழைநீர் இறங்கினால் அத்தளர்ச்சி மிகும். கான்கிரீட் இட்டாலோ, அது இறுகி வலுப்பெறப் பல நாள் காத்திருத்தல் வேண்டும்.

இவ்விடர்களைக் குறைப்பது திருகு தூண். எஃகுத் தண்டின் கீழ்முனையருகே, திருகாணியின் மரைபோல் சுற்றிய அகன்ற தகடு பொருத்தப்பட்டிருக்கும். பொறியால் சுழற்ற, அது மண்ணை வெளியே வாராமல் உள்ளே இறங்கும். தகட்டின் அகலம் பாரத்தைப் பரந்த மண்மீது பகிர்ந்தளிக்கும். மேலே பிடுங்கும் விசையையும் தடுக்கும். சுழற்றுதற்கு வேண்டும் விசையைக் கொண்டு மண்ணின் உறுதியையும் மதிப்பிடலாம். தூண் இறங்கியவுடனே அதன்மேல் படிச்சட்டத்தைப் பூட்டலாம். தேவை நீங்கின் எதிர்ப்புறம் சுழற்றி வெளியே எடுக்கலாம்.

இம்முறையை வகுத்தவர் அலெக்சாண்டர் மிட்செல் என்னும் அயர்லாந்து நாட்டுப் பொறியாளர். இளமையிலேயே கண்ணொளி இழந்த அவர், 1833ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். தேம்சு ஆற்றின் கழிமுகத்து மணல்திட்டில் இத்தகைய தூண்களின்மேல் எழுந்த கலங்கரை விளக்கம், 1841இல் ஒளி வீசத் தொடங்கிற்று. சென்னைக் கடற்கரையிலும் 1861இல் திருகு தூண்களின்மேல் இரும்புத் துறைமேடை அமைந்தது. 1868, 1872 ஆகிய ஆண்டுகளின் புயல்கள் அதனைப் பழுதாக்கின. எந்த முறையாயினும் அவ்விடத்தின் காற்றையும் நீரையும் அளந்தறிந்தே கையாளவேண்டும் என்பதை அது உணர்த்திற்று.

படிக்கட்டிலும் அவ்வெச்சரிக்கை இன்றியமையாதது. முதலில் மண்ணைச் சோதித்து, சைகைக் கம்பிகள் புதைந்துள்ள இடங்களை அறிந்து விலகவேண்டும். படிகள் யாவும் ஒரே உயரமாக இருத்தல் வேண்டும். ஒன்று மாறுபடினும் இருளில் கால் தடுமாறும். நீர் தேங்காதவாறு துளையிட்ட தகடுகளும், பற்றி ஏறக் கைப்பிடியும் தேவை. உப்புக்காற்று இரும்பை அரிக்குமாதலின் துத்தநாகப் பூச்சு வேண்டும். மேற்படி தண்டவாளத்தை ஒட்டாது, வண்டியைக் கண்டு ஒதுங்கி நிற்க இடம் விட்டு முடிதல் வேண்டும். இது பணியாளர்க்குரிய வழி. பொதுமக்கள் பாதையைக் கடத்தற்கு மேம்பாலம் முதலிய உரிய வழிகளையே நாடவேண்டும்.

கண்ணொளி இழந்தவர் ஒருவர் கண்ட வழி, கடலில் செல்வோர்க்கு ஒளி காட்ட உதவிற்று. அவ்வழியே இன்று, பிறர் பயணத்தைக் காக்கும் உழைப்பாளரின் காலடிக்கும் உறுதி தருகின்றது.