கன்று ஈன்ற பசுவின் கருப்பை நோய்கள்

கன்று ஈன்ற பசு, பலமுறை காளைக்குச் சேர்த்தும் சினை பிடிக்காவிடில், அதை மலடென்று கருதிக் குறைந்த விலைக்கு விற்றுவிடுவது வழக்கமாயிருக்கிறது. இவற்றுட் பல உண்மையில் மலடல்ல. ஈன்ற காலத்திற் கருப்பையினுட் புகுந்த பாக்டீரியா என்னும் நுண்கிருமிகளாற் கெட்டவையேயாம்.

ஈனும்போது கருப்பையின் வாய் திறந்திருப்பதால், சாணம், அசுத்தமான வைக்கோல், கழுவாத கைகள் ஆகியவற்றின் வழியே கிருமிகள் எளிதில் உட்புகும். திடமுள்ள பசு சில வாரங்களில் இவற்றை வெளியேற்றிவிடும். வருந்தி ஈன்றதும், இரட்டைக் கன்று போட்டதும், நஞ்சுக்கொடி தங்கியதுமான பசுக்கள் அவ்வாறு செய்ய இயலாமல் நோயுறுகின்றன. முதலிற் பெரும்பாலும் பெருகுவது, குடலிலும் சாணத்திலும் வாழும் எஸ்கெரிச்சியா கோலி என்னும் கிருமி. அது புண்படுத்திய இடத்திற் சீழை உண்டாக்கும் வேறு கிருமிகள் குடியேறுகின்றன.

ஈன்றபின் இரண்டு மூன்று வாரங்கள் நாற்றமில்லாத கசிவு இருப்பது இயற்கையே. முதல் 10 நாட்களுக்குள் துர்நாற்றமுள்ள செந்நீர் வடிந்து, ஜுரமும் தீனி எடாமையும் காணின் தாமதியாது கால்நடை வைத்தியரை அழைக்கவேண்டும். 21 நாட்களுக்குப் பின்னும் சீழ் வடியுமாயின், பசு பார்வைக்கு நன்றாயிருப்பினும் சினை பிடிப்பது அரிது.

நஞ்சுக்கொடி சாதாரணமாக 12 மணி நேரத்துக்குள் விழும். விழாவிடில் அதைப் பிடித்திழுப்பதும், கல் முதலிய பாரங்களைக் கட்டித் தொங்கவிடுவதும் பெருங்கேடு. கருப்பையின் உட்சுவர் கிழிந்து, கிருமிகளுக்கு வழி உண்டாகும். 24 மணி நேரம் கடந்தால் வைத்தியரிடம் தெரிவித்தலே தக்கது.

சினையின் பிற்பாதியிற் கன்று வீசுமானால், புரூசெல்லா என்னும் கிருமியைச் சந்தேகிக்கவேண்டும். டென்மார்க்கில் பாங் என்பவர் 1897-ம் ஆண்டில் இதைக் கண்டறிந்தார். இது மனிதரையும் பற்றி, விட்டுவிட்டு வரும் ஜுரத்தையும் மூட்டு வலியையும் தரும். ஆகையால் வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையாற் தொடலாகாது. நாய் தோண்டாதபடி ஆழமாகக் குழிவெட்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்கவேண்டும். பாலைக் காய்ச்சாமற் பருகலாகாது. கிடாரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் ஒருமுறை தடுப்பூசி போடுவது இந்நோய்க்குச் சிறந்த காப்பு. கிராம அதிகாரிகள் ஊசி போடும் நாளை முன்னதாகவே ஊராருக்கு அறிவித்து, கன்றுகளைத் தவறாது கொண்டுவரச் செய்வார்களாக.

ஈனும் இடத்திற் புதிய வைக்கோலும், உதவுவோர் கைகழுவச் சோப்பும் தண்ணீரும் வைப்பதற்கு ஆகும் செலவு சொற்பம். அதனைச் செய்யாமையால் இழப்பது ஓர் ஈற்றுப் பாலும், சில சமயம் பசுவுமாம்.