காக்காவுக்கு பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்தது யாரு?

அமாவாசை காலை. மொட்டைமாடியில் ஒரு பிடி சோறு வைத்துவிட்டு 'கா... கா...' என்று அம்மா கூப்பிட, ரெண்டே நிமிஷத்தில் கறுப்பு கெஸ்ட் ஆஜர்! அது வாய் வைத்த பிறகுதான் நமக்கு இலை. அன்னூரில் இது வாடிக்கைதானே ஃப்ரெண்ட்ஸ்?

இதையே சிங்கப்பூரில் செய்து பாருங்க... ஃபைன்! 2020 ஜூனிலிருந்து அங்கே அனுமதி இல்லாமல் காட்டுயிர்களுக்குத் தீனி போட்டால், முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம்.

இங்கே காக்கா மண்ணின் மைந்தன். அங்கே அது வெளியூர் பார்ட்டி. சுமார் 120 வருஷத்துக்கு முன்னால், காபித் தோட்டப் புழுக்களைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து மலேசியாவின் கிள்ளானுக்குக் கொண்டுபோனார்கள். 1890களில் குப்பையைத் தின்னட்டும் என்று ஆப்பிரிக்காவின் ஸான்சிபார் தீவுக்கு. 1994-ல் அதுவாகவே கப்பலேறி நெதர்லாந்து துறைமுகத்தில் இறங்கிய காக்காவும் உண்டு!

சரி, தெரியாத ஊரில் எப்படி பிழைத்தது? நம்ம சாப்பாட்டில்தான்! மனுஷ வாடையே இல்லாத காட்டில் வீட்டுக்காக்கா குடும்பம் நடத்துவதில்லை. அதற்கு வேண்டியது மீன் மார்க்கெட், ஹோட்டல் குப்பைத்தொட்டி. மழை பொய்த்தாலும் குப்பைத்தொட்டி பொய்க்காதே! வருஷம் முழுக்கத் தீனி கிடைத்தால் குஞ்சுகள் தப்பிக்கும், கூட்டம் பெருகும். கூட்டம் பெருகினால் சோற்றோடு நிற்குமா? உள்ளூர் குருவிகளின் முட்டை, குஞ்சு எல்லாம் காலி.

கென்யா கடற்கரையில் அதுதான் நடந்தது. 2024 ஜூனில் அந்நாட்டு வனவிலங்குத் துறை, 10 லட்சம் காக்காக்களை ஒழிக்கப்போவதாக அறிவித்தது. எப்படி? விஷம் வைத்து! கூப்பிட்டுக்கொண்டு போனதும் மனுஷன், சோறு போட்டதும் மனுஷன், விஷம் வைப்பதும் மனுஷன். ஆனால் குப்பைத்தொட்டி திறந்தே கிடந்தால், செத்ததுபோக மிச்சமிருக்கும் காக்காக்களே மறுபடி கூட்டத்தை நிரப்பிவிடும்.

'அதுக்கும் அன்னூருக்கும் என்னங்க சம்பந்தம்?' என்கிறீர்களா? காக்கா எந்த ஊரில் இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். எத்தனை மிச்சம் கொட்டுகிறோமோ, அத்தனை காக்கா. அம்மா வைக்கும் அந்த ஒரு பிடியை நிறுத்தச் சொல்லவில்லை. ஹாஸ்டல் மெஸ்ஸில் நாம் ஒதுக்கும் சோறு, புரோட்டாக் கடைக்குப் பின்னால் கொட்டும் எச்சில் இலை, ராத்திரியோடு ராத்திரியாக ரோட்டோரம் வீசும் கோழிக்கழிவு மூட்டை... இதுதான் காக்காவுக்கு தினசரி கல்யாண விருந்து. பக்கத்து வேலியில் கூடு கட்டியிருக்கும் தேன்சிட்டுக்கு அது தினசரி ஆபத்து.

அதனால, தட்டில் அளவாகப் போட்டுக்கங்க. தொட்டியை மூடி வைங்க. இங்கே ஒரு மூடி செய்யும் வேலையைத்தான், கென்யா விஷத்தை வைத்துச் செய்யப் பார்க்கிறது!