திரும்பும்போது மட்டும் ஏன் ‘டக் டக்’?

நேராகப் போகும்போது சத்தமே காட்டாத கார், ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சுத் திருப்பினால் மட்டும் ‘டக் டக் டக்’ என்கிறதா நேயர்களே? பழியை ஸ்டியரிங் மேல் போட்டுவிடாதீர்கள், பாவம்! முன்சக்கரங்கள் இழுத்துப் போகும் கார்களில், எஞ்சின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டின் முனையில் சிவி ஜாயிண்ட் என்று ஒன்று இருக்கிறது. நம் தோள்மூட்டு மாதிரி, வளைந்தபடியே சுழலும். அதைப் போர்த்தியிருக்கும் ரப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியே தெறிக்கும், மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும். இதனால் ஜாயிண்ட் தேய்ந்துபோகும்; அந்தத் தேய்மானம்தான் இப்படிச் சத்தம் போடுகிறது. சக்கரத்தின் உட்புறம் கறுப்பாகக் கிரீஸ் படிந்திருக்கிறதா என்று கொஞ்சம் குனிந்து பாருங்கள். கிழிசலைத் தொடக்கத்திலேயே பிடித்துவிட்டால் பெரும்பாலும் உறையை மட்டும் மாற்றினால் போதும். சத்தம் கேட்க ஆரம்பித்த பிறகு என்றால், ஜாயிண்டையே மாற்றவேண்டியதுதான்!