உடான் மானியம்: ஓடுதளம் போட்ட ஊருக்கு என்ன உரிமை?

சேலம் அருகே காமலாபுரத்தில் விமான நிலையம் 1993-ல் வந்தது. தொண்ணூறுகளில் தொடங்கிய சேவை நீடிக்கவில்லை. 2009-ல் கிங்ஃபிஷர் வந்தது, 2011-ல் போய்விட்டது. 2018 மார்ச்சில், சின்ன ஊர்களுக்கு விமானம் இயக்க மானியம் தரும் மத்திய அரசின் உடான் திட்டத்தின்கீழ் ட்ரூஜெட் சென்னைக்குப் பறந்தது. 2021-ல் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் மறுபடி தொடங்கின. ஒவ்வொரு முறையும் விழா நடந்தது, நாளிதழ்களில் படம் வந்தது. இடையில் ஆண்டுக்கணக்கில் ஓடுதளம் காலியாகக் கிடந்ததைப் பற்றித்தான் யாரும் விழா எடுக்கவில்லை.

சின்ன ஊர் விமான நிலையங்களுக்கு அரசுப் பணம் இரண்டு வழியில் வருகிறது. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் 'கோடிக்கணக்கில் ஒதுக்கிவிட்டார்கள், இனி விமானம் நிரந்தரம்' என்று ஊர் நம்பிவிடுகிறது.

ஒரு வழி, கட்டுமானப் பணம். பயன்பாட்டில் இல்லாத, அரைகுறையாகப் பயன்படும் 50 விமான நிலையங்களையும் ஓடுதளங்களையும் சீரமைக்க மத்திய அமைச்சரவை 2017-ல் 4,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. ஓடுதளத்தைச் செப்பனிடுவது, முனையம் கட்டுவது போன்றவை இதில் அடங்கும். இன்னொன்று, விமானத்துக்குத் தரும் மானியம். உடானில் விமானத்தின் பாதி இருக்கைகளை உச்சவரம்புக் கட்டணத்தில் விற்கவேண்டும். திட்டம் தொடங்கியபோது சுமார் 500 கி.மீ., ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று வைத்தார்கள். அதனால் நிறுவனத்துக்கு வரும் இழப்பை அரசு ஈடுகட்டும். அந்தத் தொகையில் 80 சதவீதம் மத்திய அரசின் பங்கு, 20 சதவீதம் மாநிலத்தின் பங்கு. வடகிழக்கு மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் இது 90-க்குப் 10. மத்தியப் பங்குக்கான பணம் மற்ற உள்நாட்டு விமானங்கள் புறப்படும்போது வசூலிக்கும் தீர்வையிலிருந்து வருகிறது. ஆக, சென்னையிலிருந்து டெல்லிக்குப் போகிறவரும் சேலம் விமானத்துக்குக் கொஞ்சம் கொடுக்கிறார்.

மாநிலத்தின் செலவு 20 சதவீதத்தோடு முடிவதில்லை. விரிவாக்கம் தேவைப்பட்டால் நிலத்தை இலவசமாகத் தரவேண்டும். போலீஸ் காவலும் தீயணைப்பும் இலவசம். மின்சாரமும் தண்ணீரும் சலுகை விலையில். விமான எரிபொருளுக்கு வாட் வரி 1 சதவீதமோ அதற்குக் கீழோ. விமானம் வந்தாலும் வராவிட்டாலும் நிலம் கொடுத்தது கொடுத்ததுதான்.

விமான மானியமோ மூன்றாண்டுக்கு மட்டும். அதன்பின் நிறுவனம் சொந்தக் காலில் நிற்கவேண்டும். நிற்கிறதா? 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை கணக்குச் சொல்கிறது. உடானின் மூன்றாம் கட்டம் வரை ஒதுக்கிய 774 வழித்தடங்களில் 403-ல் விமானமே கிளம்பவில்லை. கிளம்பிய 371-ல் மூன்றாண்டை முழுதாக ஓட்டியவை 112. மானியம் நின்ற பிறகும் 2023 மார்ச்சில் ஓடிக்கொண்டிருந்தவை 54. நெய்வேலியில் என்.எல்.சி.யின் ஓடுதளமும் வேலூரில் அப்துல்லாபுரம் ஓடுதளமும் உடான் பட்டியலில் சேர்ந்தவை. வேலைகள் நடந்தும் 2024 முடியும்வரை அங்கிருந்து பயணிகள் விமானம் பறக்கவில்லை.

இதைச் சொல்வதால் சின்ன ஊருக்கு விமானம் எதற்கு என்று கேட்பதாக ஆகாது. சேலத்து வெள்ளி வியாபாரியும் அவசர சிகிச்சைக்குப் போகிறவரும் விமானம் கேட்பது நியாயம். ஆனால் மூன்றாண்டு மானியத்தை நம்பி மூன்று தலைமுறை நிலத்தைக் கொடுக்கச் சொல்லும்போது, கொடுப்பவர் கையில் சட்டம் இருக்கவேண்டும்.

2018-ல் காமலாபுரம், பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி கிராமங்களில் விரிவாக்கத்துக்கு நிலம் அளக்க வந்தபோது விவசாயிகள் எதிர்த்தார்கள். இப்படி நோட்டீஸ் வந்தால் முதலில் பார்க்கவேண்டியது, எந்தச் சட்டத்தின்கீழ் வந்திருக்கிறது என்பதை. 2013-ம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம் என்றால் சமூகத் தாக்க மதிப்பீடு உண்டு; முதல்நிலை அறிவிப்பிலிருந்து 60 நாளுக்குள் ஆட்சேபம் தரலாம், கலெக்டர் அதை விசாரித்தாகவேண்டும். தமிழ்நாட்டின் 1997-ம் ஆண்டு தொழில் நோக்க நிலம் கையகப்படுத்தல் சட்டம் என்றால் அந்தத் தாக்க மதிப்பீடு கிடையாது. இந்த மாநிலச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2021 ஜூனில் தீர்ப்பளித்துவிட்டது. இழப்பீட்டுக் கணக்கு மட்டும் 2013 சட்டத்தின் அட்டவணைப்படியே நடக்கும். எனவே நோட்டீஸில் சட்டத்தின் பெயர், பிரிவு, கெடு மூன்றையும் பார்க்காமல் தாசில்தார் அலுவலகத்துக்கு ஓடவேண்டாம். ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். "மனு கொடுத்தேன் சார்" என்று வாயால் சொன்னால் நீதிமன்றத்தில் எடுபடாது.

சந்தை மதிப்போடு நூறு சதவீதம் ஆறுதல் தொகை சேரும். கிணறு, போர்வெல், தென்னை, மா, கட்டடம் எல்லாவற்றுக்கும் தனி மதிப்பு உண்டு. அளக்க வரும் நாளில் நேரில் இருந்து, எண்ணிக்கையைச் சரிபார்த்து, படம் எடுத்து வையுங்கள். கிராமங்களில் கிரயப் பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டுவது வழக்கம். அந்தப் பத்திரங்களே நாளைக்கு உங்கள் நிலத்துக்கும் விலை சொல்லும் என்பதை மறக்கவேண்டாம். குத்தகைக்காரரும் விவசாயக் கூலிகளும், கையகப்படுத்துவதற்கு முன் மூன்றாண்டு அந்தப் பகுதியில் இருந்து அந்த நிலத்தையே பிழைப்பாகக் கொண்டிருந்தால், பாதிக்கப்பட்ட குடும்பமாகக் கருதப்படுவார்கள். பட்டா இல்லை என்று அவர்களை யாரும் விரட்ட முடியாது.

பலர் கோட்டை விடும் இடம் பணம் வாங்கும் நாள். தொகை குறைவு என்று நினைத்தால் "ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். 2013 சட்டத்தில் ஆட்சேபம் இல்லாமல் வாங்கினால், கூடுதல் தொகை கேட்டு மேல்விசாரணைக்குப் போகும் வழி அடைபடும். இழப்பீட்டை நிர்ணயிக்கும் அவார்டு சொல்லும்போது நேரில் இருந்தவருக்கு அந்த விண்ணப்பத்துக்கான கெடு ஆறு வாரம்தான். ஐந்தாண்டு பயன்படுத்தாத நிலம் திரும்பி வரும் என்று ஊரில் சொல்வார்கள். சட்டத்தின் 101-வது பிரிவு அதை உரியவருக்கோ அரசின் நில வங்கிக்கோ தரலாம் என்கிறது. அதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

நிலம் எடுக்கப்படாதவர்களுக்கும் பாதிப்பு உண்டு. விமான நிலையத்தைச் சுற்றி 20 கி.மீ. வரை கட்டட உயரத்துக்குக் கட்டுப்பாடு வரலாம். இந்தக் கட்டுப்பாட்டைக் காட்டும் வண்ண வரைபடத்தில் உங்கள் சர்வே எண் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்த்து, தேவைப்பட்டால் விமான நிலைய ஆணையத்திடம் தடையில்லாச் சான்று வாங்கிய பிறகே மாடி எழுப்புங்கள். 'ஏர்போர்ட் பக்கத்தில் பிளாட்' என்று விற்கும் ரியல் எஸ்டேட்காரர் இதைச் சொல்லமாட்டார்.

பயணிகளுக்கு ஒரு வார்த்தை. சின்ன நிலையத்தில் ஒரு விமானம் ரத்தானால் அடுத்தது மறுநாள்தான் இருக்கும். முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால் மாற்று விமானமோ முழுப் பணமோ தரவேண்டும். அதற்குமேல் ஒரு மணி நேரம் வரையிலான பயணத்துக்கு 5,000 ரூபாய், இரண்டு மணி வரை 7,500 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, எது குறைவோ அது இழப்பீடு. மழை, பனிமூட்டம் போல நிறுவனத்தின் கையில் இல்லாத காரணம் என்றால் இழப்பீடு இல்லை. ஆனால் டிக்கெட் பணம் உண்டு. ஏஜென்ட்டிடம் வாங்கிய டிக்கெட்டுக்கும் பணம் திருப்பும் பொறுப்பு விமான நிறுவனத்துக்கே. முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள். பிறகு ஏர்சேவா தளம், 1915 நுகர்வோர் உதவி எண். அதுவும் பலிக்காவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டாண்டுக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

ஊர்ச் சங்கங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பத்து ரூபாய் கட்டி இந்திய விமான நிலைய ஆணையத்துக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள். எங்கள் ஊர் வழித்தடத்தின் மானியக் காலம் எந்தத் தேதியில் முடிகிறது, ஒப்பந்தப்படி வாரம் எத்தனை விமானம், கடந்த ஆண்டு உண்மையில் எத்தனை பறந்தது, சீரமைப்புக்கு ஒதுக்கியதில் எவ்வளவு செலவானது என்று கேளுங்கள். மாநிலத்தின் 20 சதவீதப் பங்கும் காவல், தீயணைப்புச் செலவும் எவ்வளவு என்பதை மாநில அரசிடம் தனி மனுவில் கேட்கவேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. மானியக் காலம் முடிய ஓராண்டு இருக்கும்போதே இந்தத் தேதி கையில் இருந்தால், எம்.பி.யிடமும் வணிகர் சங்கத்திடமும் பேச நேரம் கிடைக்கும். கடைசி விமானம் போன பிறகு கொடுக்கும் மனுவுக்கு, டெண்டர் விடும்போது பரிசீலிக்கப்படும் என்ற ஒற்றை வரிதான் பதிலாக வரும்.