பாக்கெட்டின் மேல் நாலு வரி
கையில் பணம் குறைந்த சிறு வியாபாரி தன் சரக்கைப் பற்றி என்ன எழுதலாம், என்ன எழுதக் கூடாது?

மும்பை தாராவியில் பல வீடுகளில் விடியும் முன்பே எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறிவிடுகிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் முறுக்கும் சீடையும் சுட்டுக் கடைகளுக்குப் போட்டு வருவது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. குடும்பத் தலைவர் மில்லிலோ ஆபீசிலோ வாங்கிய சம்பளம் போதாதபோது, பிள்ளைகளின் பள்ளிச் சம்பளத்தைக் கட்டியது இந்த முறுக்குதான்.

அக்கம்பக்கத்தில் விற்கும்வரை பாக்கெட்டின் மேல் எழுத்தே தேவையில்லை. "நம்ம அக்கா சுட்டது" என்று ஜனங்கள் முகத்தைப் பார்த்து வாங்குவார்கள். ஆனால் அதே முறுக்கு காட்கோபரிலோ தாணேயிலோ ஒரு கடையில் தொங்கும்போது அக்காவின் முகம் அங்கே இராது. பாக்கெட்டின் மேல் இருக்கும் நாலு வரிதான் அவருக்காகப் பேச வேண்டும்.

ஆடம்பரச் சொற்களால் ஆபத்து

இந்த நாலு வரியை எழுத உட்கார்ந்தால் பலருக்கும் முதலில் தோன்றுவது பெரிய பெரிய வார்த்தைகள். "உலகப் புகழ் பெற்ற, சுத்தமான, பாரம்பரியமான அசல் மணப்பாறை முறுக்கு. சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்!" அச்சகக்காரர் கேட்கும் கூலி ஒன்றுதான்; எதை எழுதினால் என்ன என்று நினைக்கிறார்கள். அங்கேதான் மோசம் போகிறார்கள்.

மணப்பாறை முறுக்குக்கு 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. தாராவியில் சுட்ட முறுக்கை அந்தப் பெயரில் விற்பது மணப்பாறைக்காரரின் உரிமையில் கை வைப்பதாகும். 2020-இல் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கும் இதே கதைதான்.

"அசல்", "சுத்தம்", "பாரம்பரியம்", "இயற்கை" போன்ற சொற்களைக் கண்டபடி போடுவதற்கு 2018-ஆம் ஆண்டின் உணவு விளம்பர விதிகள் கடிவாளம் போட்டிருக்கின்றன. "வீட்டில் செய்தது" என்ற சொல்லைக்கூட, வாங்குபவர் தப்பாக எண்ணிக்கொள்ளும்படி பயன்படுத்தக் கூடாது. சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கடையில் பத்துப் பாக்கெட் தொங்குகிறது. பத்திலும் "அசல்" என்று இருக்கிறது. வாங்க வந்தவர் எதை நம்புவார்?

எண்பது ரூபாயில் தொடங்கிய அப்பளம்

நல்ல பெயர் வைக்கப் பெரும் பணம் வேண்டும் என்பதில்லை. இதே மும்பையில் கிர்காமில், 1959-இல் ஏழு பெண்கள் எண்பது ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இடத் தொடங்கினார்கள். 1962-இல் தங்கள் அப்பளத்துக்குப் பெயர் வைக்க ஒரு போட்டி நடத்தினார்கள். பரிசுத் தொகை ஐந்து ரூபாய்! அப்படி வந்த பெயர்தான் "லிஜ்ஜத்". குஜராத்தியில் ருசி என்று பொருள். ஒரே சொல், அதுவும் வாங்குபவரின் வீட்டுச் சொல். அந்தப் பெயரை இன்று தேசம் முழுவதும் அறியும்.

என்னதான் எழுதுவது?

உண்மையை எழுதினால் போதும். அதற்குக் காசு செலவில்லை. எடுத்துக்காட்டாக இப்படி எழுதலாம்:

"அரிசி மாவும் உளுந்து மாவும் சேர்த்துப் பிழிந்த முறுக்கு. எள்ளும் ஓமமும் உண்டு. கடலை எண்ணெயில் சுட்டது. தாராவியில் செய்கிறோம்."

முதல் வரி, இது என்ன பண்டம் என்று சொல்லிவிடுகிறது. இது முக்கியம். மராட்டியர் வீட்டில் செய்யும் சக்லிக்கு, பருப்பும் தானியமும் வறுத்து அரைத்த "பாஜணி" மாவு வேண்டும். அந்த ருசியை எதிர்பார்த்து நம் முறுக்கை வாங்கியவர், "இது என்ன சக்லி?" என்று முகம் சுளிப்பார். அரிசி மாவு முறுக்கு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், புதிய ருசி என்று விரும்பி வாங்குவார்.

இரண்டாம், மூன்றாம் வரிகள் வாசனையையும் எண்ணெயையும் சொல்கின்றன. முறுக்கு வாங்கும் எந்த அம்மாளும் முதலில் கேட்கும் கேள்வி "என்ன எண்ணெய்?" என்பதுதானே? ஆனால் கடலை எண்ணெய் என்று எழுதிவிட்டால், விலை ஏறினாலும் கடலை எண்ணெயிலேயே சுட வேண்டும். செய்ய முடிந்ததை மட்டும் எழுதுவது நல்லது.

தாராவி என்று எழுதக் கூச்சமா?

நாலாவது வரியில்தான் பலர் தயங்குகிறார்கள். தாராவி என்று போட்டால் வெளியார் வாங்க மாட்டார்கள் என்று அஞ்சி, "மும்பை" என்று மட்டும் போட்டு ஒளிந்துகொள்ளப் பார்க்கிறார்கள். ஒளிய முடியாது. தயாரிப்பவரின் பெயரும் முழு விலாசமும் பாக்கெட்டில் இருந்தே ஆக வேண்டும் என்பது விதி.

ஒளியவும் வேண்டாம். சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலையில் வரிசையாக இருக்கும் தோல் பொருள் கடைகளைப் பாருங்கள். தாராவித் தோல் பை என்று கேட்டு நகரின் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். தோலுக்குக் கிடைத்த மதிப்பு முறுக்குக்கும் கிடைக்கக் கூடாதா? விலாசத்தை மறைக்கும் பாக்கெட்டைவிட, தைரியமாகச் சொல்லும் பாக்கெட்டின் மேல்தான் நம்பிக்கை பிறக்கும்.

கட்டாயமாக இருக்க வேண்டியவை

இந்த நாலு வரி நம் விருப்பம். சட்டம் கேட்பவை வேறு. பண்டத்தின் பெயர், அளவில் அதிகமானது முதலில் வரும்படி சேர்மானப் பட்டியல், கவரின் எடை சேராத நிகர எடை, எல்லா வரியும் உட்பட்ட அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் உண்ண வேண்டும் என்ற விவரம், புகார் சொல்லத் தொடர்பு விவரம், உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண், சைவப் பண்டமானால் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் ஆகியவை வேண்டும். கோதுமை, நிலக்கடலை, பால் போன்று சிலருக்கு ஒத்துக்கொள்ளாதவை இருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. இந்த விவரங்கள் தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ, அல்லது ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். தமிழையும் மராத்தியையும் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம். தமிழில் மட்டும் அச்சடித்தால் செல்லாது.

கவரில் பணத்தை முடக்காதீர்கள்

வண்ணக் கவர் அச்சடிக்க ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனி உருளை செய்ய வேண்டும். ஆயிரக்கணக்கில் வாங்கவும் வேண்டும். அதில் ஒரு சொல் தப்பாகிவிட்டால் வைத்திருந்த முதல் முழுவதும் குப்பைக்குப் போகும். மறு நிர்மாணத்தால் வீடு மாறினாலும் பழைய விலாசக் கவர் வீண்தான்.

ஆகவே வெறும் கவர் வாங்கி, நாலு வரியை ஒட்டுச் சீட்டாக அச்சடித்து ஒட்டுவதே சிக்கனம். தேதிக்கும் விலைக்கும் ஒரு ரப்பர் ஸ்டாம்பு போதும். ஆனால் விரல் பட்டால் அழியாத மை வேண்டும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் மூன்று பேரிடம் காட்டுங்கள்: மராத்தி பேசும் அடுத்த வீட்டுக்காரர், பள்ளிக்கூடம் போகும் பிள்ளை, கடைக்காரர். "இது என்ன, இதில் என்ன இருக்கிறது, செய்தவர் யார்?" என்று கேளுங்கள். மூவரும் தடுமாறாமல் சொன்னால் எழுத்து சரி. யாராவது விழித்தால் அந்த வரியை மாற்றுங்கள்.

பெயரைக் காப்பது

வியாபாரம் ஓரளவு நிலைத்த பிறகு பெயரைப் பதிவு செய்யலாம். 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி, தனி நபரோ சிறு தொழில் செய்பவரோ கணினி வழியே மனுச் செய்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம். வர்த்தகச் சின்னப் பதிவகத்தின் தலைமை அலுவலகம் தாராவிக்கு வெகு தூரமில்லாத ஆன்டாப் ஹில்லில்தான் இருக்கிறது. அதே பெயர் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று கணினியில் இலவசமாகவே தேடிப் பார்க்கலாம்.

"ருசி முறுக்கு", "நல்ல முறுக்கு" போன்ற பொதுப் பெயர்கள் எளிதில் பதிவாகா. ஊர்ப் பெயரைவிட, பாட்டியின் பெயரோ மகளின் பெயரோ வைப்பது நல்லது. பதிவாகும் முன் வட்டத்துக்குள் "ஆர்" குறி போடுவது சட்டவிரோதம். அதற்கு அபராதம் உண்டு.

பெரிய கம்பெனிகள் சினிமா நட்சத்திரத்தைப் பிடித்து விளம்பரம் செய்கின்றன. ஒண்டிக் குடித்தன அறையில் முறுக்குச் சுடுகிறவருக்கு அது கட்டுப்படியாகாது. ஆனால் எண்ணெய் எது, மாவு எது, எடை எவ்வளவு, செய்தவர் யார் என்று எழுதிவிட்டு, எழுதியபடியே நடந்துகொள்ள அவரால் முடியும். ஒரு முறை வாங்கியவர் மறு வாரம் அதே பாக்கெட்டைப் பெயர் சொல்லிக் கேட்க வைப்பது அதுதான்.